ராயபுரத்து மணல் எங்கே போகிறது

தேவப்பிரியம் கடற்கரையில் ரோஸ் நிற மணலைக் கொட்டிய அன்று, தெருவில் பாதிப் பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆடி மாதத்துக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் ஈரத்தில் இறங்கி, சாக்கு மூட்டைகளின் வாயை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பஞ்சுமிட்டாய் நிறத்தில் மணல் சரிந்து விழுந்தது. அடுத்த அலை வந்து அதைச் சுருட்டிக்கொண்டு போனது.

"இன்னாமே இது? கடலுக்கு நலுங்கு வெக்கிறியா?" என்று கூடையோடு நின்ற மீன்காரம்மா ஒருத்தி கேட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தேவப்பிரியமும் சிரித்தாள். "கடலு நம்ம மண்ண எங்க தூக்கினு போவுதுன்னு பாக்கப் போறேன்க்கா. சாயம் போட்ட மண்ணு எங்க போயி சேருதோ, சாயம் போடாத மண்ணும் அங்கதானே போயிருக்கும்?"

"கண்டுபுட்ச்சா திருப்பி இட்டாந்துடுவியா?"

"இட்டார முடியுமா முடியாதான்னு அப்பால பாக்கலாம். மொதல்ல எங்க கீதுன்னு தெரியணும்ல?"

அது 1968-ஆம் வருஷம். தேவப்பிரியத்துக்கு இருபத்தேழு வயது. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போய் நிலவியல் படித்த முதல் ஆள் அவள்தான். ஆண்களிலும் யாரும் அதைப் படித்ததில்லை. படிப்பை முடித்துவிட்டு அதே கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கும் வேலையில் இருந்தாள். அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அவளும் அப்பா பாஸ்கலும்தான். பாஸ்கல் துறைமுகத்தில் மண்வாரிக் கப்பலில் வேலை செய்தார். கப்பல்கள் வந்து போகும் வாய்க்காலில் மணல் சேர்ந்துவிடாமல் அள்ளி, கப்பலின் வயிற்றை நிரப்பிக்கொண்டு, ஆழ்கடலுக்குப் போய் அடிக்கதவைத் திறந்து கொட்டிவிட்டு வரும் வேலை. அந்தக் கதவைத் திறக்கும் சங்கிலிப் பொறி பாஸ்கலின் கையில் இருந்தது. தான் ஒரு நாள் கதவைத் திறக்காவிட்டால் மெட்ராஸ் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல்கூட நுழைய முடியாது என்று அவர் சொல்லிக்கொள்வார். அது பெரிய பொய்யும் இல்லை.

கடல் அந்தத் தெருவைத் தின்றுகொண்டிருந்தது. வலை உலர்த்திய இடம் முதலில் போனது. பிறகு கரையோரச் சாலையின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. போன ஐப்பசியில் அடித்த காற்றில் கடலைப் பார்த்த வரிசை வீடுகள் சரிந்தன. ரயில்வேயில் மேஸ்திரியாக இருந்த வால்டரின் அடுப்படிச் சுவர், குழம்புச் சட்டியோடு தண்ணீரில் விழுந்தது. வால்டர்தான் தெருச் சங்கத்தின் தலைவர். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு: கல். லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து தெருவுக்கு முன்னால் அணை மாதிரிக் கொட்ட வேண்டும். அதற்காக அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

தேவப்பிரியம் வேறொன்றை யோசித்தாள். துறைமுகத்துக்குத் தெற்கே கடற்கரை அகன்றுகொண்டே போனது. மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் அலையைத் தொடுவதற்குள் கால் வலித்துப் போகும் அளவுக்கு மணல். வடக்கே ராயபுரத்தில் பிடி மணல் நிற்கவில்லை. நடுவில் இருப்பது கடலுக்குள் நீட்டிக் கட்டிய துறைமுகத்தின் கற்சுவர்கள் மட்டும். கரையை ஒட்டி மணல் நகர்கிறது என்று படித்தவர்கள் பொதுவாகச் சொன்னார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு, எதுவரை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. வெளிநாட்டுக் கடற்கரைகளில் அந்த வருஷங்களில்தான் மணலுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, அது போகும் வழியைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி நூலகத்தில் அதைப் படித்த மதியமே அவள் துறைத் தலைவரின் அறைக்குள் போய், "நம்ம கரையில நான் செஞ்சு பாக்கிறேன் சார்" என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "மணலுக்குச் சாயம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்.

"வண்ணாரப்பேட்டையிலேந்து" என்றாள்.

வண்ணாரப்பேட்டையில் லியாகத் அலி கைலி நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தார். ஐம்பது வயதைத் தொட்ட மனிதர். முழங்கை வரை நீலம் ஏறிய கைகள். அவள் ஒரு பை மணலோடு போய் நின்றபோது அவர் உள்ளே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"நூலுக்கு ஏத்திக் கீறேன், சேலைக்கு ஏத்திக் கீறேன். மண்ணுக்கு இன்னாத்துக்கும்மா சாயம்?"

அவள் சொன்னாள். அவர் காது கொடுத்துக் கேட்டார். அவருடைய மச்சான் ஒருவர் காசிமேட்டுக் கரையில் வீட்டை இழந்திருந்தார். பிறகு மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "நூலு சாயத்தக் குடிக்கும். இது கண்ணாடி ஜாதி, குடிக்காது. மேலதான் ஒட்டவெக்கணும். தச்சருங்க பலகைக்குப் போடுற வஜ்ஜிரத்தக் காய்ச்சி, அதுல சாயத்தக் கலந்து, மண்ணப் பொரட்டி எடுப்போம்."

அவரிடம் இருந்த ரோஸ் சாயம் ஒன்று புற ஊதா விளக்கின் ஒளியில் நெருப்புத் துண்டு மாதிரி மின்னியது. அதைத் தேர்ந்தெடுத்தார்கள். புரட்டிக் காயவைத்த மணலை உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தார்கள். மறுநாள் காலையில் வாளி முழுக்க ரோஸ் தண்ணீர். அடியில் பழைய மணல் பழைய நிறத்திலேயே கிடந்தது.

"போச்சு, லியாகத் அலி பேரு நாறிப்போச்சு" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வஜ்ஜிரம் தண்ணீரில் இளகிவிடுகிறது என்பது தெரிந்தது. அதை இளகாமல் செய்ய வேண்டும். தேவப்பிரியத்துக்குப் பக்கத்துக் கட்டடத்து விலங்கியல் கூடத்தில் ஃபார்மலின் ஊற்றிய ஜாடிகளில் விறைத்துக் கிடக்கும் தவளைகள் ஞாபகத்துக்கு வந்தன. சதையையும் தோலையும் இறுக்குகிற மருந்து, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தையும் இறுக்காதா? ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். அந்த நெடியில் பட்டறையில் எல்லாருக்கும் கண் எரிந்தது. ஆனால் இந்தத் தடவை வாளித் தண்ணீர் தெளிவாக நின்றது. லியாகத் அலி ஈர மணலை விரலால் தேய்தேயென்று தேய்த்துவிட்டு, "கெட்டிம்மா, மெய்யாலுமே கெட்டி" என்றார். பிறகு அவருடைய ஆட்களே மணலைக் களத்தில் புரட்டிக் காயவைத்து, மூட்டை கட்டிக் கைவண்டியில் ராயபுரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார்கள்.

மணலைக் கொட்டிய மறுநாளிலிருந்து தேவப்பிரியம் கரையோரமாக வடக்கே நடக்கத் தொடங்கினாள். கையில் வேசலின் தடவிய அட்டைகள். ஓரிடத்தில் ஈர மணல்மேல் அட்டையை அழுத்தி எடுப்பாள். மேல்மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். இன்ன இடம் என்று பின்னால் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடப்பாள். காசிமேடு, தண்டையார்பேட்டைக் கரை, அதற்கும் அப்பால். மதியம் கல்லூரிக்குத் திரும்பி, ஆய்வுக்கூடத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டுப் புற ஊதா விளக்கை ஏற்றுவாள்.

முதல் அட்டையில் ஆரஞ்சுப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அடுப்புத் தணலை ஊதிவிட்டால் பறக்கும் பொறி மாதிரி. அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைவண்டியில் வந்த மணல் அலையில் கரைந்து காணாமல் போய்விடவில்லை. காசிமேட்டில் இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் வடக்கே, இன்னும் வடக்கே என்று புள்ளிகள் நகர்ந்தன. ஒரு நாள் திருவொற்றியூரை ஒட்டிய குப்பத்தில் அவளுடைய அத்தை சிலுவையம்மாளின் வீட்டு வாசலில் எடுத்த அட்டையும் மின்னியது.

சிலுவையம்மாள் பாஸ்கலின் தங்கை. மீன்பிடிக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு அந்தக் குப்பத்தில் இருந்தாள். கருவாட்டுப் பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே மருமகள் சொன்னதைக் கேட்டாள்.

"அப்ப எங்க வூட்டாண்ட கீறது உங்க தெரு மண்ணா? எங்கள திருடங்கன்றியா?"

"இல்லத்த. உங்களாண்டயும் நிக்காது. இங்கேந்தும் போய்க்கினே இருக்கும். கரைய ஒட்டி மண்ணு ஆறு மாதிரி ஓடுது. எங்களுக்குத் தெக்கேந்து வரணும், உங்களுக்கு எங்ககிட்டேந்து வரணும்."

"உங்களுக்கு வர்றது எங்க நின்னுபோச்சு?"

அதைத்தான் அவள் அடுத்துத் தேடினாள். லியாகத் அலியிடம் இன்னொரு நிறம் கேட்டாள். மின்னினால் பச்சையாகத் தெரியும் மஞ்சள் சாயம் ஒன்று கிடைத்தது. அந்த மணலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, அகன்ற கடற்கரையில் கொட்டினாள். பிறகு ராயபுரத்துக் கரையில் அட்டை அட்டையாக அழுத்தி எடுத்துப் பார்த்தாள். ரோஸ் மணலின் ஆரஞ்சுப் பொறிகள் வந்தன. பச்சை ஒன்றுகூட இல்லை. வாரக்கணக்கில் தேடினாள். இல்லை. துறைமுகத்தின் தெற்குச் சுவரோரம் பச்சை நிறையக் கிடைத்தது. சுவரின் முனை வரைக்கும் வந்திருந்தது. முனையைத் தாண்டினால் கப்பல் வாய்க்கால்.

இரவு சாப்பிடும்போது கப்பல் வாய்க்கால் என்று நினைத்தவுடன் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதைத் தினமும் அள்ளுகிற மனிதர் எதிரே உட்கார்ந்து மத்திக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா, நாளைக்கு நீங்க அள்ற மண்ணுல கொஞ்சம் எனக்குக் கொணாந்து தர்றீங்களா?"

"கலீஜ் சேறும்மா அது. உனக்கு எதுக்கு?"

"பாக்கணும் நைனா."

பாஸ்கல் மறுநாள் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அந்தச் சேற்றைக் கழுவி மணலைப் பிரித்துக் கறுப்புத் துணிக்குள் விளக்கைப் பிடித்தபோது, பச்சை மினுக்கென்று எழுந்தது. ஒன்றிரண்டு இல்லை, எங்கே பார்த்தாலும். தெற்கிலிருந்து வரும் மணல் ஆற்றைத் துறைமுகச் சுவர் தடுத்தது. சுவரைச் சுற்றிக்கொண்டு வந்ததை மண்வாரிக் கப்பல் அள்ளியது. அள்ளியது ஆழ்கடலுக்குப் போனது. ராயபுரத்துக்கு வர வேண்டியது வராமல் போனதன் வழி முழுக்க அவள் கண்ணெதிரே கிடந்தது.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மூன்று நாள் தள்ளிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காபி குடிக்கும்போது சொல்லிவிட்டாள். பாஸ்கல் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தினி வருஷமா நம்ம தெருவ நானா கடல்ல கொட்டினு இருந்தேன்?"

"நீங்க இல்ல நைனா. நீங்க அள்ளலன்னா வாய்க்கா தூந்துபோவும், கப்பல் வராது. அள்றது தப்பில்ல."

"வால்டர் வூட்டு அடுப்படி விழுந்தப்ப நான்தான் போயி சட்டி பானைய எடுத்துக் குடுத்தேன்..."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்த வாரம் முழுக்க அவர் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். பேச்சு மட்டும் இல்லை. தேவப்பிரியத்துக்கு அது கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல அவளால் முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பாஸ்கல் வாசலில் நின்று திரும்பினார்.

"அள்றது தப்பில்லன்னே. அப்ப கொட்ற எடந்தானே தப்பு?"

"ஆமா நைனா."

"அத மாத்தினா?"

"மாத்தினாத்தான் நமக்கு வழி கீது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வரும்போது மகளுக்குப் பிடித்த வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார்.

மழைக்காலம் வந்தது. காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி அடித்தது. தேவப்பிரியம் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. ரோஸ் மணல் தெற்கே திரும்பி வந்தது. கொட்டிய இடத்துக்கும் தெற்கே, துறைமுகத்தின் வடக்குச் சுவரோரம் ஆரஞ்சுப் பொறிகள் கிடைத்தன. துறைத் தலைவர் விளக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "உன் ஆறு ரெண்டு பக்கமும் ஓடுதே. இதை வெச்சு யார்கிட்ட என்ன சொல்றது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஒரே பருவத்தைப் பார்த்துவிட்டு முழு வருஷத்துக்கும் பேசியிருந்தால் அவள் பெயரோடு வேலையும் கெட்டிருக்கும். அவள் மழையிலும் நடந்தாள். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும் என்று தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டாள். கார்த்திகை, மார்கழி, தை. வடக்கே போனது எவ்வளவு, தெற்கே திரும்பியது எவ்வளவு என்று அட்டைக்கு அட்டை பொறிகளை எண்ணி ஒப்பிட்டாள். பங்குனி பிறந்து தென்காற்று எழுந்தபோது மணல் மறுபடி வடக்கே நகர்ந்தது. இரண்டு காற்றுகளின் மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால், திரும்பி வருவது போவதில் சிறு பங்குதான். இந்தத் தடவை துறைத் தலைவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இனிமே யார் கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்லு" என்றார்.

கேட்கிற நேரம் உடனே வந்தது. வால்டரின் அலைச்சல் பலித்து, தெருவுக்கு முன்னால் கல் போட அரசாங்கம் சம்மதித்திருந்தது. கோயில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பெஞ்சுகள் நிறைந்து, வராந்தாவிலும் ஆட்கள். லியாகத் அலியும் வந்து பின்னால் சுவரோரம் நின்றார். வால்டர் பேசி முடித்துக் கைதட்டல் அடங்கியதும் தேவப்பிரியம் எழுந்தாள்.

"பிரியம்" என்றார் வால்டர் முன்கூட்டியே. "நீ படிச்ச பொண்ணு. நம்ம தெருப் பொண்ணு. உன் வாயால கல்லு வேணாம்னு சொல்லிடாத."

"வேணாம்னு சொல்லல மாமா. கல்லு வேணும். கல்லு மட்டும் பத்தாதுன்றேன். கல்லப் போட்டா நம்ம தெரு நிக்கும். ஆனா கடலு சும்மா இருக்காது. இங்க எடுத்துக்கினு இருந்த மண்ண அடுத்த எடத்துல எடுக்கும். காசிமேட்ட அரிக்கும். அங்கயும் கல்லு போட்டா அதுக்கும் அடுத்த எடம். இப்படியே திருவொத்தியூரு வரைக்கும் போவும்."

"திருவொத்தியூர்ல உங்க அத்த கீறாங்க. அத்தாம்மே விஷயம்!" என்று வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "ஆமா, கீறாங்க. அவங்களுக்காகவும்தான் பேசறேன். எங்க வூடு இங்க வால்டர் மாமா வூட்டுக்குப் பக்கத்துல கீது. எனக்கு ரெண்டு வூடும் வேணும்."

வால்டர் விடவில்லை. "மார்கழியில மண்ணு தெக்க வந்துச்சுன்னு நீயே ஊரெல்லாம் சொன்னே. வடக்க போவுதுன்றே, தெக்க வருதுன்றே. எதும்மா மெய்?"

"ரெண்டும் மெய் மாமா. மழக்காத்துல தெக்க வரும், மத்த மாசமெல்லாம் வடக்க போவும். தொட்டியிலேந்து பத்துக் கொடம் எடுத்துனு போயி, ரெண்டு கொடம் திருப்பிக் கொணாந்து ஊத்தினா தொட்டி ரொம்புமா? மேலேந்து குழாத் தண்ணி வரணும்ல? நமக்கு அந்தக் குழா அடைச்சுக்கினு கீது. தெக்கேந்து வர்ற மண்ணு துறைமுகத்துல நிக்குது. அதத் தெறந்து வுடுங்கன்னு கேப்போம்."

"துறைமுகத்த இடிக்கச் சொல்றியா?"

அப்போது பாஸ்கல் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இடிக்க வேணாம் வால்டரு. அந்த மண்ண நான்தான் அள்றேன். அள்ளி ஆழத்துல கொண்டுபோயி போடறேன். அங்க போனா திரும்பாது. அதையே நம்ம கரைக்கு எதிர்க்க போட்டா, அலையே தள்ளிக்கினு வந்து சேக்கும்னு பிரியம் சொல்லுது. எனக்கு அதே வேலதான். கதவத் தெறக்கற எடந்தான் வேற."

வால்டர் பாஸ்கலைப் பார்த்தார். பிறகு, "கல்லும் கேப்போம், மண்ணும் கேப்போம். கேக்கறதுல இன்னா கொறஞ்சுபோவுது?" என்றார்.

அடுத்த வாரம் வால்டரும் தேவப்பிரியமும் சேர்ந்தே துறைமுகப் பொறியாளரைப் பார்க்கப் போனார்கள். அவர் அவசரமில்லாத மனிதர். அவள் கொண்டுபோன அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கரை அரிப்புக்குத் துறைமுகச் சுவர் ஒரு காரணம் என்று அவருக்கு முன்பே தெரியும். மணல் எந்த வழியில் எங்கே போகிறது என்பதற்கான சான்றுதான் அதுவரை அவர் கையில் இல்லை.

"சரிம்மா, கரைக்குப் பக்கத்துல மணலப் போடறோம்னு வெச்சுக்குவோம். அது அங்கயே நிக்கும்னு உன்னால உறுதி சொல்ல முடியுமா?"

"நிக்காது சார்" என்றாள் அவள்.

வால்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நிக்கவும் கூடாது. ராயபுரத்துல போட்டது காசிமேட்டுக்குப் போகணும், அங்கேருந்து திருவொற்றியூருக்குப் போகணும். போய்க்கிட்டே இருக்கும். நாம போட்டுக்கிட்டே இருக்கணும். முன்னாடி இயற்கை செஞ்சுக்கிட்டு இருந்த வேலை சார், நடுவுல சுவரு வந்ததால இப்ப நாம செய்யணும்."

பொறியாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நிற்கும் என்று அவள் சொல்லியிருந்தால் தான் நம்பியிருக்கமாட்டேன் என்றார். ஒரு பருவம் செய்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

முதல் முயற்சி சொதப்பியது. நிறைசுமையோடு கரைப்பக்கம் திரும்பிய மண்வாரிக் கப்பல் அடி தட்டி நின்றுவிட்டது. கரையில் கூடியிருந்தவர்கள் பார்க்கப் பார்க்கக் கப்பல் முக்கி முனகி, இழுவைப் படகு வந்து இழுத்து, மணலைக் கொட்டாமலே திரும்பிப் போனது. அன்றைக்குக் கப்பல் தலைவர் பேசியதை பாஸ்கல் வீட்டில் சொல்லவில்லை. "இதோட வுட்டுடுவாங்களா நைனா?" என்று அவள் கேட்டாள். "அவரு கப்பலுக்கு அவரு பயப்படுறாரு. பயப்படணும்ல?" என்றார் பாஸ்கல்.

பொறியாளர் விட்டுவிடவில்லை. ஆழத்தை மறுபடி அளக்கச் சொன்னார். பாதிச் சுமை, ஓதம் ஏறிக் கடல்மட்டம் உயர்ந்து நிற்கும் வேளை, கொஞ்சம் வடக்கே தள்ளிய இடம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். கப்பல் தலைவர் அந்தக் கணக்கைத் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

அது ஒரு வைகாசிக் காலை. வெயில் ஏறியிருந்தது. தெருவே கரையில் நின்றது. சிலுவையம்மாளும் குப்பத்துப் பெண்கள் சிலரோடு பஸ் பிடித்து வந்திருந்தாள். கப்பல் மெதுவாக, ஒரு கர்ப்பிணி நடப்பது மாதிரி கரையை நோக்கி வந்தது. நெருங்க நெருங்கத் தேவப்பிரியம் ஈர மணலில் இறங்கிப் போய் நின்றாள். இந்தத் தடவை தட்டவில்லை. கப்பல் பக்கவாட்டில் திரும்பியது. மேல்தளத்தில் சங்கிலிப் பொறிக்குப் பக்கத்தில் காக்கி அரைக்கால் சட்டையோடு நின்ற உருவம் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. சங்கிலி கடகடவென்று இறங்கும் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. கப்பலைச் சுற்றித் தண்ணீர் காப்பி நிறமாகிப் பரவியது. சுமை குறைந்த கப்பல் சட்டென்று எழும்பியது.

"மாதாவே, எங்க அண்ணன்!" என்று சிலுவையம்மாள் கத்தினாள். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். லியாகத் அலி தொப்பியைக் கழற்றி வீசினார். வால்டர் கை தட்டவில்லை. கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, அந்தக் காப்பி நிறம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது வடக்கே நகர்ந்தது.

அந்தப் பருவம் முழுக்கவும், அதன் பிறகு வருஷாவருஷமும் கப்பல் வந்துபோனது. கல்லும் வந்தது. சங்கம் முதலில் கேட்ட நீளத்துக்குக் குறைவாகவே கொட்டினார்கள். மறு வருஷம் மழைக்காலத்தில் கடல் பொங்கியது. ஆனால் தெருவில் ஒரு வீடும் விழவில்லை. கல்லுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மணல் சேர்ந்து நின்றது. காசிமேட்டில் வலை உலர்த்தினார்கள். சிலுவையம்மாளின் குப்பத்தில் கரை அப்படியே நின்றது. அப்படியே நிற்பது என்பது அங்கே பெரிய விஷயம்.

தேவப்பிரியம் இந்த ஆராய்ச்சிக்கே டாக்டர் பட்டம் வாங்கினாள். எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூரில் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது, அங்கே கழிமுகத்துத் தண்ணீரையும் மணலையும் இறாலையும் சேர்த்துப் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். கழிமுகத்தில் எதைத் தொட்டாலும் மற்றதெல்லாம் அசையும், தனித்தனியாகப் பார்த்துப் பயனில்லை என்று அவள் சொன்னதைக் கேட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். வாரத்தில் பாதி நாள் அவள் எண்ணூர் ரயிலில் இருந்தாள். பாஸ்கல் ஓய்வு பெற்றார். மகள் தன்னோடு கப்பலைப் பற்றிச் சண்டை போட்ட கதையை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை என்று அவள் மறுத்தாலும் கேட்கமாட்டார்.

1974-இல் மண்வாரிக் கப்பல் பழுதுக்குப் போனது. மணல் போடுவது நின்றது. சில மாதங்களிலேயே கல்லுக்கு முன்னால் இருந்த மணல் கரைந்து, அலை கல்லில் வந்து மோதியது. ராயபுரத்தில் இந்தத் தடவை யாரும் கடலுக்கு என்ன கோபம் என்று கேட்கவில்லை. வால்டர், காசிமேட்டுக்காரர்கள், திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண்கள் என்று எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து துறைமுக அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு வால்டர் மேஜைமேல் விரலால் கோடு போட்டு, மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போக வேண்டும் என்று விளக்கினார். பழுது பார்த்துத் திரும்பியதும் கப்பலை மறுபடி கரைப்பக்கம் அனுப்புவதாக அதிகாரி சொன்னார். அனுப்பவும் செய்தார்.

தேவப்பிரியத்துக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் எண்ணூரில் அடைத்துக்கொண்ட முகத்துவாரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். கடல் தண்ணீர் கழிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு உள்ளே போய் எங்கே நிற்கிறது என்று பார்க்க, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறிக்கொண்டிருந்தாள்.